மில் கூரையில் சோலார் போடலாமா? மின் பில்லிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: கோவை – பல்லடம் பகுதியில் 24,000 கதிர்கள் (நூல் முறுக்கும் ஸ்பிண்டில்கள்) ஓடும் நூற்பாலை. ஒப்பந்த டிமாண்ட், அதாவது ஒரே நேரத்தில் இழுக்க அனுமதி பெற்ற உச்ச மின்சுமை, 1,500 கே.வி.ஏ. உடுமலைப்பேட்டைப் பக்கம் சொந்தமாக இரண்டு காற்றாலைகள். ஒரு நிறுவனம் வந்து கூரையை அளந்துவிட்டு, 1.2 மெகாவாட் சோலார் போடலாம், ஆண்டுக்கு 20 லட்சம் யூனிட் கிடைக்கும், போட்ட பணம் மூன்று ஆண்டுக்குள் திரும்பிவிடும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. மார்ச் 31-க்குள் முடித்தால் வருமான வரியிலும் லாபம் என்கிறது. நம்பலாமா?

சுருக்கமாகச் சொன்னால், போடலாம், 1.2 மெகாவாட் வேண்டாம். பணம் மூன்று ஆண்டில் திரும்பாது, நாலரை ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்களுக்கு எப்படி வந்தேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். உங்கள் பில்லை வைத்து நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

சோலார் விற்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஏணி கேட்பார்கள். கூரை எத்தனை சதுர அடி, அதில் எத்தனை பேனல் அடங்கும், பேனலுக்கு எத்தனை வாட் என்று பெருக்கினால் அவர்களுக்கு விடை வந்துவிடும். நான் மில்களுக்கு மின் தணிக்கை செய்கிறவன். ஏணி கேட்பதற்கு முன்னால் பன்னிரண்டு மாத மின் பில்லைக் கேட்பேன். கூரையில் பிறக்கும் ஒவ்வொரு யூனிட்டும் வேறு ஏதோ ஒரு யூனிட்டுக்குப் பதிலாகத்தான் வருகிறது. அந்த வேறு யூனிட் உங்களுக்கு என்ன விலையில் வந்துகொண்டிருந்தது என்பதே இந்தத் திட்டத்தின் கணக்கு முழுவதும்.

உங்கள் பில்லில் மூன்று பெரிய தொகைகள் இருக்கும். முதலாவது யூனிட் கட்டணம். உயரழுத்தத் தொழிற்சாலை இணைப்புக்கு இப்போது யூனிட்டுக்கு ஏழரை ரூபாய் அளவில் வருகிறது. அதன்மேல் 5 சதவீத மின்வரி. சோலார் இதைக் குறைக்கும். இரண்டாவது உச்ச நேரக் கட்டணம். காலையில் நாலு மணி நேரம், மாலையில் நாலு மணி நேரம் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். காலைப் பகுதியின் பிற்பாதியில் வெயில் ஏறிவிடுவதால் அதில் ஒரு பங்கைச் சோலார் தொடும். மாலைப் பகுதியைத் தொடவே தொடாது. மூன்றாவது டிமாண்ட் கட்டணம். இதைப் பற்றித்தான் விற்பனையாளர்கள் வாய் திறப்பதில்லை. பதிவான டிமாண்ட், ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். 1,500-க்கு 90 சதவீதம் 1,350. கே.வி.ஏ.வுக்கு 600 ரூபாயை ஒட்டி வைத்தாலும் மாதம் எட்டு லட்சத்துக்கு மேல். மில் மூன்று ஷிப்டும் ஓடுகிறது. இரவு எட்டு மணிக்கும் அதே சுமைதான். கூரை முழுக்கப் பேனல் போட்டாலும் இந்தத் தொகையில் ஒரு ரூபாய் குறையாது. மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, வருகிற ஒன்பது ரூபாய்ச் சொச்சத்தைச் சோலார் மிச்சப்படுத்தும் என்று காட்டுகிற கணக்கு எதையும் அந்த இடத்திலேயே மூடி வைத்துவிடுங்கள்.

அடுத்து, மீட்டரிலிருந்து அரைமணி நேரவாரியான சுமைப் பதிவை வாங்குங்கள். குறைந்தது ஓர் ஆண்டுக்கு வேண்டும். காலை 9 முதல் மாலை 4 வரை உங்கள் மிகக் குறைந்த சுமை என்ன என்று அதில் தேடுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள். 24,000 கதிர்களுக்குச் சராசரி 1,050 கிலோவாட் என்று வைத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 90 லட்சம் யூனிட். ஆனால் ஆள் பற்றாக்குறையில் சில பிரேம்கள் (நூற்பு இயந்திரங்கள்) நின்ற நாள், நூலின் கவுன்ட் (பருமன்) மாற்றும் நாள், பராமரிப்பு நாள் என்று பார்த்தால் பகல் சுமை 750, 800-க்கு இறங்கியிருக்கும். உங்களைப் போன்ற உயரழுத்த இணைப்புக்கு வீடுகளைப் போல உபரியை மின்வாரியத்துக்குக் கொடுத்து நிகராகக் கழித்துக்கொள்ளும் வசதி இல்லை. ஆகவே மீட்டருக்கு உள்பக்கம் இணைத்து, வெளியே ஒரு யூனிட்டும் போகாதபடி கட்டுப்படுத்தும் கருவியோடு ஓட்ட வேண்டியிருக்கும். சுமையைவிட உற்பத்தி கூடினால் இன்வெர்ட்டர் (பேனலின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் கருவி) தானே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். அந்த யூனிட் பிறக்காமலே போய்விடும்.

பொங்கலை நினைத்துப் பாருங்கள். ஜனவரி நடுவில் வானம் தெளிவு, காற்றில் குளிர்ச்சி. பேனலுக்கு நல்ல காலம். மில்லோ பூட்டிக் கிடக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்ப ஒரு வாரம், பத்து நாள். இந்த நாட்களின் உற்பத்தியை நிறுவனம் கொடுத்த அட்டவணையில் யாரும் கழித்திருக்க மாட்டார்கள்.

கொச்சி விமான நிலையத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லி உங்களை மடக்கப் பார்ப்பார்கள். அது உண்மையிலேயே நல்ல எடுத்துக்காட்டுதான், ஆனால் உங்களுக்கு அல்ல. அவர்கள் 2013-இல் வருகை முனையத்தின் கூரையில் 100 கிலோவாட் போட்டுப் பார்த்தார்கள்; பிறகு ஒரு மெகாவாட்; அதன் பிறகுதான் 45 ஏக்கர் தரையில் 12 மெகாவாட். 2015 ஆகஸ்ட் 18-இல் அது திறக்கப்பட்டது. பகலில் மிஞ்சியதைக் கேரள மின்வாரியத்தில் கொடுத்து வைத்து இரவில் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அவர்களுக்கு இருந்தது. உங்களுக்கு 45 ஏக்கரும் இல்லை, அந்த ஏற்பாடும் இல்லை. படிப்படியாகப் போனார்கள் என்பதை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது காற்றாலை. கோவை, திருப்பூர் மில்களின் சோலார் கணக்கு இங்கேதான் பெரும்பாலும் தடுமாறுகிறது. வெளியூரிலிருந்து வரும் நிறுவனங்களுக்கு இது தெரிவதே இல்லை. மே மாதக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கத் தொடங்கி செப்டம்பர் வரை உங்கள் காற்றாலை யூனிட்டுகள், மில் பில்லில் கழித்துக்கொள்ளும் கணக்கில் குவியும். அந்த மாதங்களின் பில்லை எடுத்துப் பாருங்கள்; வாரியத்திடம் காசு கொடுத்து வாங்கிய யூனிட் மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் கூரைச் சோலார் ஒரு யூனிட் கொடுத்தால், அது ஏழரை ரூபாய் யூனிட்டை விலக்கவில்லை. உங்கள் சொந்தக் காற்றாலை யூனிட்டைத்தான் விலக்குகிறது. விலக்கப்பட்ட காற்றாலை யூனிட் என்ன ஆகும் என்பது உங்கள் காற்றாலை எந்த ஆண்டு இயங்கத் தொடங்கியது, மிஞ்சும் யூனிட்டை வாரியத்தின் கணக்கில் சேமித்து வைக்கும் வசதி அதற்கு உண்டா, ஆண்டு முடிவில் மிஞ்சியதற்கு வாரியம் என்ன விலை தருகிறது என்பவற்றைப் பொறுத்தது. நான் அதை யூனிட்டுக்கு மூன்று ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். உங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். சோலாரும் காற்றாலையும் ஒன்றுக்கொன்று துணை என்று பொதுவாகச் சொல்வார்கள். மாநில அளவில் அது சரியாக இருக்கலாம். ஒரே மில்லின் ஒரே பில்லுக்குள் அவை ஒன்றையொன்று தின்னவும் செய்யும்.

கூரைக்கு வருவோம். உங்களிடம் இரண்டு வகைக் கூரை இருக்கிறது. பழைய ஷெட், வடக்கு வெளிச்சக் கூரை: ரம்பப் பல் போல வரிசையாக, கண்ணாடி வடக்கே பார்த்து, சரிவு தெற்கே பார்த்து. நேர் வெயில் உள்ளே விழக்கூடாது, இழை தெரிய ஒரே சீரான வெளிச்சம் வேண்டும் என்று அந்தக் காலத்தில் கட்டியது. தெற்குச் சரிவு என்றதும் சோலார்காரர்களுக்கு நாக்கில் நீர் ஊறும். ஆனால் மேலே போட்டிருப்பது ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் அட்டை. நாற்பது ஆண்டு வெயில் தின்ற அட்டை ஆள் பாரத்தைக்கூடத் தாங்காது. மிதித்தவர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின்மேல் விழுவார். அதைக் கழற்றி இரும்புத் தகடு போடாமல் அந்தக் கூரையில் ஒரு பேனலும் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

தகடு மாற்றிய பிறகும் நிழல் பிரச்சினை இருக்கும். கோவை அட்சரேகை 11 டிகிரி. டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் தெற்கே அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 55 டிகிரி உயரத்தில் நிற்கும். முன்னால் இருக்கும் பல்லின் முகடு இரண்டு மீட்டர் உயரம் என்றால், பின்னால் இருக்கும் சரிவின் அடிப்பகுதியை நோக்கி நண்பகலிலேயே ஒன்றே கால் மீட்டருக்கு மேல் நிழல் நீளும். காலையில் இன்னும் அதிகம். ஒவ்வொரு சரிவிலும் கீழ் வரிசையைக் காலியாக விட வேண்டும். விற்பனையாளர் வரைபடத்தில் அந்த வரிசையும் நிரம்பியிருக்கிறது.

புதிய ஷெட்டும் குடோனும் வண்ணத் தகட்டுக் கூரை, சேர்த்து 60,000 சதுர அடி. சரிவு குறைவு, பேனலைத் தகட்டோடு ஒட்டிப் படுக்கவைத்தால் நடைபாதை, விளிம்பு இடைவெளி எல்லாம் போக ஒரு கிலோவாட்டுக்கு 60, 65 சதுர அடி பிடிக்கும். 900 கிலோவாட் அடங்கும். மொட்டை மாடியாக இருந்தால் சாய்த்து நிறுத்த வேண்டும், வரிசைகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும். கிலோவாட்டுக்கு 100 சதுர அடியாகிவிடும்.

எடை, சட்டங்களோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு 12 முதல் 15 கிலோ. கேட்பதற்குக் குறைவு. ஆனால் ஷெட் கட்டியபோது கூரையில் தொங்கும் பாரத்துக்கென்று எவ்வளவு ஒதுக்கினார்கள், அதில் ஈரப்பதக் குழாய்களும் விளக்குகளும் தீயணைப்புக் குழாய்களும் எவ்வளவு தின்றுவிட்டன என்று பார்க்க வேண்டும். ஷெட் கட்டிக் கொடுத்தவரிடம் அந்தக் கணக்குத் தாள் இருக்கும். இல்லையென்றால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் கையெழுத்து வாங்காமல் நகராதீர்கள். எடையைவிடக் காற்று முக்கியம். இந்தியத் தர நிர்ணயத்தில் கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. உங்களுக்குக் குறைவுதான், என்றாலும் காற்று பேனலைத் தூக்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டியது வெறும் தகடு அல்ல, அதன் அடியில் இருக்கும் பர்லின் என்ற குறுக்குச் சட்டம்.

தகட்டில் எப்படிப் பொருத்துகிறார்கள் என்பதையும் கேளுங்கள். நான் தணிக்கைக்குப் போன ஒரு மில்லில், பெயர் வேண்டாம், தகட்டின் பள்ளத்தில் திருகாணி இறக்கியிருந்தார்கள். மழைநீர் ஓடுவதே பள்ளத்தில்தான். முதல் வடகிழக்குப் பருவமழைக்கே குடோனில் பஞ்சுப் பேல்கள் நனைந்தன. அந்த ஆண்டு சோலார் மிச்சப்படுத்தியது பேல்களோடு போனது. மேட்டில் பொருத்த வேண்டும், ரப்பர் அடைப்போடு. மடிப்புள்ள தகடானால் துளையே இல்லாமல் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் உண்டு.

உற்பத்தி. ஆண்டுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 1,700 யூனிட் என்று எழுதியிருக்கிறார்கள். கோவையில் படுகிற வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டில் 1,950 முதல் 2,000 யூனிட் வரை. அதில் வெப்பம், தூசி, கம்பி, இன்வெர்ட்டர் என்று எல்லா இழப்பும் போக 75 முதல் 78 சதவீதம் கைக்கு வரும். 1,480 என்று நான் வைக்கிறேன். பேனலின் வாட் மதிப்பு 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. தகட்டோடு ஒட்டிக் கிடக்கும் பேனல் ஏப்ரல் நண்பகலில் 65 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.35 சதவீதம் குறையும். நாற்பது டிகிரிக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். வெயில் கொளுத்துகிறது, மின்சாரம் கொட்டும் என்பது பாதி உண்மை.

தூசி என்று எல்லோரும் எழுதுவார்கள். உங்கள் தூசி வேறு. ஷெட்டுக்குள் ஈரப்பதத்தைக் காக்கும் ஈரப்பத ஆலையின் காற்று வெளியேற்றி வழியாக வருகிற பஞ்சுத் துகள் பேனல்மேல் படிந்து, விடிகாலைப் பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, இரண்டு வாரத்தில் கம்பளி விரித்ததுபோல ஒட்டிக்கொள்ளும். காற்று அதை அடித்துப் போகாது. வெளியேற்றியின் வடிகட்டியைச் சரிசெய்யுங்கள். அதைச் சுற்றிப் பேனலே வேண்டாம் என்று வரைபடத்தில் கோடு போடுங்கள். கழுவ, பேனலுக்கு இரண்டு லிட்டர் என்றாலும் 1,640 பேனலுக்கு ஒரு முறைக்கு 3,300 லிட்டர் ஆகும். உங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் கழுவினால் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்து, கழுவாததைவிட மோசமாகிவிடும். மென்மையாக்கிய தண்ணீர் கூரைவரை வர வேண்டும். அந்தக் குழாய்ச் செலவு விலைப்பட்டியலில் இல்லை.

பஞ்சு இருக்கும் இடத்தில் தீயைப் பற்றியும் பேச வேண்டும். பேனல் பக்கத்து நேர்மின்சாரம் பகல் முழுக்க உயிரோடு இருக்கும். சுவிட்சை அணைத்தாலும் கூரையிலிருந்து இன்வெர்ட்டர் வரை மின்னழுத்தம் நிற்கும். இணைப்பு தளர்ந்து பொறி விட்டால் மாறுமின்சாரத்தைப் போல அது தானாக அணைவது கடினம். அந்தக் கம்பிகள் குடோனுக்குள் நுழையவே கூடாது. வெளிச்சுவர் வழியாக இறங்கட்டும். இன்வெர்ட்டர்கள் வெளியே நிழலில் நிற்கட்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு வேலை தொடங்கும் முன்பே எழுதித் தெரிவியுங்கள்.

இனி, யாரும் சொல்லாமல் விடுவதும் முதல் மாதப் பில்லில் வந்து அறைவதுமான ஒன்று: பவர் பேக்டர், அதாவது வாரியத்திடமிருந்து இழுக்கும் மொத்தத் திறனில் உண்மையான வேலைக்குப் போகும் பங்கு. இப்போது 1,000 கிலோவாட் சுமை, பவர் பேக்டர் 0.98 என்று வைத்தால், நீங்கள் வாரியத்திடமிருந்து எடுக்கும் எதிர்வினைத் திறன் (மோட்டார்களின் காந்தப்புலத்துக்குப் போவது, வேலையாக மாறாதது) ஏறத்தாழ 200 கே.வி.ஏ.ஆர். சோலார் 700 கிலோவாட் கொடுக்கத் தொடங்கியதும் வாரியத்திடமிருந்து வருவது 300 கிலோவாட்டாகக் குறைகிறது. அந்த 200 அப்படியே இருக்கிறது. இப்போது மீட்டர் பார்க்கும் பவர் பேக்டர் 0.83. மில்லுக்குள் எதுவும் கெட்டுப்போகவில்லை, ஆனால் மாதச் சராசரி கீழே இறங்கத் தொடங்கும். 0.90-க்குக் கீழே போனால் ஒவ்வொரு 0.01-க்கும் பில்லில் 1 சதவீதம் அபராதம். இன்வெர்ட்டரையே எதிர்வினைத் திறன் கொடுக்கும்படி அமைக்கலாம், அல்லது பவர் பேக்டரைச் சரிசெய்யும் கெபாசிட்டர் பெட்டியின் அளவீட்டை உயரழுத்தப் பக்கத்துக்கு மாற்றலாம். செலவு பெரிதல்ல, ஒப்பந்தத்தில் யார் பொறுப்பு என்று எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மின்தடை நேரத்தில் சோலார் ஓடும் என்று யாராவது சொல்லியிருந்தால், முழுதாக நம்பாதீர்கள். வாரிய மின்சாரம் போனால் இந்த இன்வெர்ட்டர்கள் அணைந்துவிடும், பாதுகாப்புக்காக. ஜெனரேட்டரோடு சேர்ந்து ஓட்டத் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும்; அப்போதும் ஜெனரேட்டரின் சுமை 30 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி சோலாரை அடக்கி வைக்க வேண்டும்.

ஆக, என் கணக்கு. 900 கிலோவாட், மெகாவாட்டுக்கு நான்கு கோடி வீதம் 3.6 கோடி. உற்பத்தி 13.3 லட்சம் யூனிட். விடுமுறை, மின்தடை, அடக்கி வைத்தது என்று 4 சதவீதம் கழித்தால் 12.8 லட்சம். உங்கள் நுகர்வில் 14 சதவீதம். யூனிட் கட்டணமும் வரியும் சேர்த்து 7.88 ரூபாய், காலை உச்ச நேரப் பங்குக்குக் கொஞ்சம் கூடுதல்: ஆண்டுக்கு ஒரு கோடியே ஐந்து லட்சம். காற்று மாதங்களில் விழும் நான்கு லட்சம் யூனிட்டை மூன்று ரூபாய்க்கு மதிப்பிட்டால் அதில் இருபது லட்சம் போகும். பராமரிப்பு, கழுவுதல், காப்பீடு ஐந்து லட்சம். மிச்சம் 80 லட்சத்தை ஒட்டி. நாலரை ஆண்டு. பேனல் ஆண்டுக்கு அரை சதவீதம் தளர்ந்தாலும் இருபது ஆண்டுக்கு மேல் ஓடும் பொருளுக்கு இது நல்ல முதலீடுதான். மூன்று ஆண்டு என்று நம்பிக் கடன் தவணையை அமைத்துவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

இதில் இரண்டு ஆபத்துகளை நான் எண்ணாக்கவில்லை. ஒன்று, கூரைச் சோலாருக்கு மின்கட்டமைப்புக் கட்டணம். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021-இல் கொண்டுவந்தது முதல் இது சர்ச்சையில்தான் இருக்கிறது. உங்கள் இணைப்புக்கு யூனிட்டுக்கு எத்தனை பைசா என்பதை மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள், வாய்மொழி வேண்டாம். இரண்டு, பகல் மின்சாரத்தின் விலை. சூரிய ஒளி நேரத்துக்கு வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023-இல் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. தமிழ்நாட்டுக் கட்டணத்தில் அது முழுமையாக இறங்கினால், நீங்கள் மிச்சப்படுத்தும் யூனிட்டின் மதிப்பும் இறங்கும். 7.88-ஐ 6.30 ஆக்கி ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போதும் திட்டம் தாங்கினால் துணிந்து போகலாம்.

மார்ச் 31 அவசரத்தைப் பற்றி. வருமான வரிக் கணக்கில் சோலாருக்குத் தேய்மானக் கழிவு 40 சதவீதம் என்பது உண்மை. ஆனால் நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் அந்த ஆண்டுக்கு அதில் பாதிதான். மார்ச்சில் ஓட்டினால் 20 சதவீதம். ஏப்ரலில் ஓட்டினால் அடுத்த ஆண்டுக்கு முழு 40. உங்கள் ஆடிட்டர் பத்து நிமிடத்தில் எது நல்லது என்று சொல்லிவிடுவார். அந்தத் தேதி விற்கிறவருடைய ஆண்டு இலக்காகவும் இருக்கலாம்.

ஆகவே இந்த டிசம்பரை வீணாக்காதீர்கள். 21-ஆம் தேதியை ஒட்டி ஒரு நாள் காலை எட்டரை மணிக்கும் மாலை நாலு மணிக்கும் புதிய ஷெட்டுக் கூரைக்கு ஆளை அனுப்பி, தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கி, பக்கத்துத் தென்னை ஆகியவற்றின் நிழல் எதுவரை வருகிறது என்று சாக்கட்டியால் கோடு போட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பில் கயிறு கட்டித்தான் ஏற வேண்டும். பழைய ஷெட்டுக்கு யாரும் ஏற வேண்டாம். ஏணியில் நின்றபடி எடுத்தால் போதும். அந்தப் படங்களையும் அரைமணிப் பதிவையும் மூன்று நிறுவனங்களுக்குக் கொடுத்து, இவற்றை வைத்துத்தான் விலை சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். கழுவும் தண்ணீர், பவர் பேக்டர், கூரை ஒழுகினால் யார் பொறுப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே பதில் எழுதச் சொல்லுங்கள்.

பழைய ஷெட்டின் அட்டையை எப்போது மாற்றப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இரண்டாம் கட்டம் அங்கேதான் என்றால், இன்வெர்ட்டருக்குப் போகும் கேபிள் பாதையையும் டிரான்ஸ்பார்மர் பக்கத்துப் பிரேக்கரையும் அதற்கும் சேர்த்து இப்போதே பெரிதாக விடலாம்.